நல்வாய்மையும் மனம் நலிந்தோரும்

சென்ற பௌர்ணமி தினத்தில், ஸ்ரீ சிட்டியை அடுத்த ஒரு சிற்றூரில் கூடிய உபாசக உபாசிகைகள் முன்னிலையில் நாம் செய்த தர்மப் பிரசங்கத்தின் சாரத்தை, கேட்டவர் சிலரது விருப்பத்திற்கிணங்க இங்கு எழுத்தில் தருகின்றோம். எண்வகை மார்க்கத்துள் மூன்றாவதாகிய நல்வாய்மையைப் பற்றிப் பேசுவதென்று அன்று எண்ணியிருந்தோம். நல்வாய்மை என்றவுடன் பொய் பேசாமை ஒன்றே பலருக்கும் நினைவில் வருகிறது. நாமோ பொய்யை விட்டுவிட்டு, மெய்யாகவோ வேடிக்கையாகவோ சொல்லப்படும் ஒரு சொல் எவ்வாறு ஒரு மனிதனை மருத்துவன் வாயிலிலிருந்து திருப்பியனுப்பிவிடுகிறது என்பதையே பேசினோம். அதற்குக் காரணம் நம்முடைய குற்றமொன்றேயாகும். அதனை முதலிற் கூறிவிடுகின்றோம்.

ஸ்ரீ சிட்டியைச் சூழ்ந்த சத்தியவேடு வட்டாரம் முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1960ஆம் ஆண்டு எல்லை மாற்றத்தில் அது சித்தூர் மாவட்டத்துடன் இணைந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்திற்கு உட்பட்டிருக்கிறது. ஆகையால் இங்கே ஒரே திண்ணையில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கக் கேட்கலாம். 2008இல் இவ்விடத்தில் தொழில் நகரம் தொடங்கிய பின்னர், இரு மாநிலத்து இளைஞரும் இளம்பெண்களும் திரள் திரளாக வந்து, விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கி, பகல் ஷிப்டும் இரவு ஷிப்டுமாக மாறி மாறி உழைத்து வருகின்றனர்.

அவர்களுள் ஓர் இளைஞன் நம்மிடம் அவ்வப்போது வந்து பேசுவான். சில மாதங்களாக அவனுக்கு உறக்கம் அற்றுப் போயிற்று. உணவில் விருப்பம் குன்றிற்று. இரவு ஷிப்டு முடிந்து அறைக்கு வந்தால் சுவரை நோக்கிப் படுத்துக் கிடப்பான். ஒருநாள் அவனே துணிந்து, மனநல மருத்துவரைப் பார்க்கப் போவதாகக் கூறிப் புறப்பட்டான். தேநீர்க் கடை வாயிலில் அவனுடைய தோழன் ஒருவன், “என்னடா, கீழ்ப்பாக்கம் போறியா?” என்றான். மற்றொருவன் தெலுங்கில், “எர்ரகட்டாவில் இடம் காலியாய் இருக்கிறதாம்” என்றான். அங்கிருந்தவர் யாவரும் நகைத்தனர். அன்பர்களே, அருகில் நின்ற நாமும் நகைத்தோம். அவன் பஸ் ஏறவில்லை, அறைக்குத் திரும்பிவிட்டான். அதன்பின் எட்டுத் திங்கள் வரை அவன் எந்த மருத்துவரையும் நாடவில்லை.

அவ்விரு ஊர்ப்பெயர்கள் எங்ஙனம் வசைமொழிகளாயின என்பதைச் சற்று ஆராய்வோம். கீழ்ப்பாக்கம் சென்னையின் ஒரு பகுதி. எர்ரகட்டா ஹைதராபாத்தின் ஒரு பகுதி. இரண்டிடத்தும் அரசினர் மனநல மருத்துவமனைகள் இருக்கின்றன. அவை செய்த பாவம் அவ்வளவே! சென்னையில் மனம் பேதலித்தோருக்கான காப்பிடம் 1794இல் தோன்றியது. 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. பித்தர் காப்பகம் என்னும் பொருள்பட வழங்கிய பெயர் நீங்கி, 1922இல் மனநோய் மருத்துவமனை என்னும் பெயர் பெற்றது. 1978 முதல் மனநல நிலையம் என வழங்கப்படுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக, வீட்டார் கைவிட்டவர்களையும் ஏற்றுச் சோறிட்டு மருந்திட்டு வந்த இடம் அது. ஊராரோ அதன் பெயரைக் கல்லாக்கி, ஒருவன்மேல் ஒருவன் எறிந்து விளையாடுகின்றனர். இலங்கையில் அங்கொடை, வடநாட்டில் ஆக்ரா, ராஞ்சி என்னும் பெயர்களும் இதே கதிக்கு ஆளாயின. தாகத்தால் வாடுவோனைத் தண்ணீர்ப் பந்தலின் பெயரைச் சொல்லிப் பழித்தால், அவன் அப்பந்தலை நெருங்குவானோ? நோயாளிக்கு நாம் செய்வது இதுவேயாம்.

“பைத்தியம்” என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. வாதம், பித்தம், சிலேத்துமம் என்று நம் நாட்டு மருத்துவர் வகுத்த மூன்றனுள் பித்தத்தின் மிகுதியால் வருவது என்ற கருத்தில் பிறந்த மருத்துவச் சொல் அது. அதில் இழிவு ஏதுமில்லை. காய்ச்சல், இருமல் என்பவற்றைப் போன்றதே. வழங்கியவர் நாவிலிருந்த ஏளனம் சொல்லில் ஊறி அதைக் கெடுத்தது. பின்னர் ஆங்கிலங் கற்றோர் நாகரிகமாகக் கூறக் கருதி “மெண்டல்” என்றனர். இன்று பள்ளிச் சிறுவரும் அதனை வசையாக வழங்குகின்றனர். மருத்துவர் ஆக்கிய “மனநோயாளி” என்னும் சொல்லையும் எதிர்க்கட்சியினரைத் திட்டுவதற்கு மேடைகளில் எடுத்தாளக் கேட்கின்றோம். இதனைக் கண்டே 2023 டிசம்பரில் இந்தியத் தேர்தல் ஆணையம், உடற்குறையையும் மனநோயையும் சுட்டும் சொற்களைக் கொண்டு எவரையும் இழித்துப் பேசலாகாது என்று கட்சிகளுக்கு அறிவுறுத்த நேர்ந்தது.

“சொல்தானே, அதனால் விளையும் கேடு என்ன?” என்பாருக்குச் சில செய்திகளைக் கூறுவோம். 2015–16ஆம் ஆண்டுகளில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் மனநோயுற்றோருள் நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரையிலானோர் உரிய சிகிச்சை பெறாதிருந்தனர். மருத்துவர் குறைவும், ஊர்த் தொலைவும், செலவும் இதற்குக் காரணங்கள்தாம். ஆயினும், “நாலு பேர் என்ன சொல்வார்களோ” என்னும் அச்சமும் அவற்றோடு நிற்கிறது. ஏனைய காரணங்களை நீக்க அரசாங்கமும் பணமும் வேண்டும். இந்த ஒன்றை நீக்க நம் நாவை அடக்கினாற் போதுமானது.

இழிசொல்லின் முடிவு எங்குச் சென்று நிற்கும் என்பதை 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் தமிழ்நாடு கண்டது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் விடியற்காலையில் தீப்பற்றியது. அங்கிருந்த மனநோயாளர் பலர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையின் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களைப் பிணித்தது இரும்பு மட்டுமன்று. “இவன் பைத்தியம், இவனுக்கு வலி தெரியாது, மானம் தெரியாது” என்னும் நினைப்பே முதற் சங்கிலி, இரும்புச் சங்கிலி அதன்பின் வந்தது. மனிதனென்னும் பெயரை ஒருவனிடமிருந்து பறித்தபின், அவனை எதனாற் கட்டினாலும் கட்டுவோன் நெஞ்சு கூசுவதில்லை.

நிற்க, நம் ததாகதர் இத்தகையோரை எவ்வாறு நடத்தினார் என்பதைப் பார்ப்போம்.

பதாசாரையின் கதையை நீவிர் அறிவீர். சிராவஸ்தி நகரத்துச் செல்வர் மகளாய்ப் பிறந்து, தன் வீட்டு ஏவலனோடு அயலூர் சென்று வாழ்ந்தவள் அவள். தாய்வீடு நோக்கி வரும் வழியில் கணவனை அரவந் தீண்டிற்று. கைக்குழந்தையைப் பருந்து கவர்ந்தது. மூத்த மகனை ஆற்றுவெள்ளம் அடித்துச் சென்றது. பெற்றோரும் உடன்பிறந்தானும் முந்தின இரவின் பெருமழையில் வீடிடிந்து மாண்டனர் என்னும் செய்தியும் ஊரெல்லையிலேயே கிடைத்தது. அவள் அறிவு கலங்கிற்று. உடுத்த துணி நழுவியதும் உணராது திரிந்தாள். ஊரார் அவளைப் பித்தியென்று கூவி, குப்பையும் மண்ணாங்கட்டியும் எறிந்து துரத்தினர். அவள் ஜேதவனத்தை அணுகியபோது, அங்குத் தருமங் கேட்டிருந்தவர்களும், அந்தப் பித்தியை உள்ளே விடவேண்டாமென்றே கூறினர். ஊரில் எழுந்த சொல்லே விகாரையிலும் எழுந்ததை நோக்குங்கள்! பகவனோ அவளைத் தடுக்கலாகாதென்று கூறி, அருகில் வரச் செய்து, சகோதரி என்று விளித்து, நினைவைத் திரும்பப் பெறுக என்றார். அச்சொல் செவியிற் பட்டவுடன் அவளுக்கு நாணமும் நினைவும் மீண்டன. ஒருவர் தம் மேலாடையை எறிந்தார். அதை உடுத்தமர்ந்து தருமங் கேட்டாள். பின்னாளில் விநயம் வல்ல பிக்குணிகளுள் தலைமை பெற்றவள் அவளே.

ஒரே நாளில் அவள் இரண்டு விளிகளைக் கேட்டாள். ஒன்று ஊராரின் விளி. மற்றொன்று பகவனின் விளி. முன்னது அவளுடைய நோயைக் கூவியழைத்தது. பின்னது அவளையே அழைத்தது. ஒரு சொல்லாலேயே எந்த மனநோயும் தீர்ந்துவிடுமென்று இதிலிருந்து கொள்ளற்க. மருந்து வேண்டுமிடத்து மருந்தே வேண்டும். அதனை நிறுத்துமாறு கூறுவது பெரும்பிழை. நாம் இங்குக் கொள்ளவேண்டிய பொருள் வேறு. சகோதரி என்று அழைக்கப்பட்டமையால் அவள் அருகில் வந்தாள். அருகில் வராதவருக்கு எவர்தாம் சிகிச்சை செய்யவியலும்?

பகவன் இதனைத் தம் கருணையளவில் நிறுத்திவிடாது, சங்கத்திற்குச் சட்டமாகவும் வைத்தார். பாசித்தியம் என்னும் குற்றங்களுள் முதலாவது அறிந்தே பொய் கூறல். அதனை அடுத்து இரண்டாவதாக நிற்பது இழித்துரைத்தல். எவ்வெவற்றைச் சொல்லி ஒருவனை இழித்தல் குற்றமாகும் என்று பத்து வகை கூறப்பட்டிருக்கின்றன. பிறப்பு, பெயர், குலம், தொழில் என்று வரும் அவ்வரிசையிலேயே நோயும் எண்ணப்பட்டிருக்கிறது. பிறப்பைச் சொல்லி இழிக்கப்படுதல் எத்தகைய புண் என்பதை நம்மவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அப்புண்ணை அறிந்த நாமே, நோயைச் சொல்லிப் பிறரை இழித்தல் தகுமோ? இரண்டையும் பகவன் ஒரே விதியில் வைத்து விலக்கியிருக்கின்றார்.

அன்றியும், “உள்ளதைத்தானே சொன்னேன்” என்னும் வாதம் அங்கே செல்லாது. இழிக்கும் எண்ணத்தோடு கூறினால், கூறியது மெய்யாயினும் குற்றமே. “விளையாட்டாகச் சொன்னேன்” என்னும் வாதமும் செல்லாது. வேடிக்கைக்காக அவ்வாறு பேசினாலும், அதற்கெனத் துப்பாசிதம், அதாவது தீச்சொல், என்னும் தனிப் பெயரிட்டு ஒரு குற்றம் வைக்கப்பட்டிருக்கிறது. தேநீர்க் கடை வாயிலில் நாம் நகைத்தபோது நம் மனத்தில் பகையில்லை; ஆயினும் அது துப்பாசிதத்தின் பாற்பட்டதே. ஆனால், நன்மை கருதியும் அறிவுறுத்தும் நோக்கத்தோடும் சொல்வோனுக்குக் குற்றமில்லை என்றும் அவ்விதியே கூறுகிறது. ஆகவே நோயாளிக்கு மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லுதலும், “உனக்கு உடம்பும் மனமும் சரியில்லை, வைத்தியரிடம் போவோம்” என்று அன்பர் கூறுதலும் இழித்துரையாகா.

இவ்விதியை வகுத்த வேளையில் பகவன் நந்திவிசாலன் என்னும் எருதின் கதையைக் கூறினார். தக்கசீலத்தில் ஓர் அந்தணன், தன் எருது நூறு வண்டிகளை ஒருங்கே இழுக்கும் என்று ஆயிரம் பொன் பந்தயம் கட்டினான். எருதைப் பூட்டியவன், போக்கிரி மாடே என்று அதட்டினான். அது நான்கு கால்களையும் தூண்போல் ஊன்றி அசையாது நின்றது, பந்தயம் தோற்றது. மறுமுறை இரண்டாயிரத்திற்குப் பந்தயம் கட்டி, இனிய சொல்லால் விளித்தான். நூறு வண்டிகளும் நகர்ந்தன. வண்டி அதுவே, எருதும் அதுவே, வலிமையும் அதுவே. மாறியது சொல் ஒன்றே. மனம் நலிந்தவனும் தன் தலையில் நூறு வண்டிப் பாரத்தைச் சுமப்பவன். அவனை எழுந்து நடக்கச் செய்வதும் நிறுத்திவிடுவதும் பல வேளைகளில் அருகிலிருப்போர் வாய்மொழியே.

இன்னும் ஒன்று. நோய் தீர்ந்த பின்னும் பழைய பெயர் ஒருவனை விட்டபாடில்லை. வேலை கேட்கும் இடத்திலும், பெண் கேட்கும் இடத்திலும், “முன்னே ஒரு தரம் அவனுக்கு அப்படி ஆயிற்றாம்” என்னும் பேச்சு முன்னே போய் உட்கார்ந்துகொள்கிறது. இதற்கும் விநயத்தில் விடை உண்டு. கக்கர் என்னும் பிக்கு சித்தம் பேதலித்திருந்த காலத்தில் தகாத செயல்கள் பல செய்தார். தெளிந்த பின்னர்ச் சில பிக்குகள், அன்று இன்னது செய்தீரே, நினைவிருக்கிறதா என்று அவரை ஓயாது கேட்டு வந்தனர். அறிவிழந்திருந்தபோது செய்தவை, எனக்கு நினைவில்லை என்று அவர் எவ்வளவோ கூறியும் விட்டாரில்லை. பகவன் அப்பிக்குகளையே கடிந்தார்; கக்கருக்கு அமூல்ஹ விநயம் என்னும் தீர்ப்பை அளிக்கச் சங்கத்தைப் பணித்தார். நோயிற் செய்தது குற்றமன்று, அதைச் சொல்லி இனி அவரை எவரும் பழிக்கலாகாது என்பதே அத்தீர்ப்பின் கருத்து. வழக்குகளைத் தீர்க்கும் ஏழு முறைகளுள் ஒன்றாக அது இன்றும் ஓதப்பட்டு வருகிறது. பழையதைக் கிளறுவோரே திருத்தப்பட வேண்டியவர் என்பது ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் சங்கத்தின் சட்டமாயிருந்தது!

இங்கு ஓர் ஐயம் எழலாம். பழைய சொற்களை நீக்கிப் புதிய சொற்களை வைத்தால் போதுமா? ஸ்ரீ சிட்டியில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பல உள்ளமையால், அந்நாட்டுச் செய்தி ஒன்றை எடுத்துக்காட்டுவோம். ஸ்கிசோப்ரினியா என்னும் நோய்க்கு ஜப்பானில் மனம் பிளந்த நோய் என்னும் பொருள் தரும் பெயர் நெடுங்காலம் வழங்கிற்று. அப்பெயரை நோயாளியிடம் சொல்ல மருத்துவரே அஞ்சினர். பத்தில் நால்வர்க்கும் குறைவானவரே தம் நோயின் பெயரை அறிந்திருந்தனர். நோயாளர் குடும்பங்களின் வேண்டுகோளின்பேரில் 2002இல், ஒருங்கிணைப்புக் குறைந்த நிலை என்னும் பொருள்படப் பெயரை மாற்றினர். சில ஆண்டுகளில், பெயரறிவிக்கப்பட்டோர் தொகை பத்தில் எழுவர் என உயர்ந்தது. கொரியாவில் 2011இல் வைத்த புதுப்பெயரோ, நரம்புக் கருவியைச் சுருதி கூட்டுதல் என்னும் கருத்தை உடையது. நரம்பு தளர்ந்தால் முறுக்கலாம், முறுகினால் தளர்த்தலாம் என்னும் நம்பிக்கை அப்பெயரிலேயே இருக்கிறது. பகவனும் சோணருக்கு வீணை நரம்பைக் காட்டியன்றோ முயற்சியின் அளவை உபதேசித்தார்! தமிழிலோ அந்நோயை மனச்சிதைவு என்றே எழுதி வருகின்றோம். சிதைந்தது கூடாதென்று எண்ணும் தாய், அப்பெயரைக் கேட்டு எத்துணை இடிந்துபோவாள் என்பதை நம் மருத்துவரும் புலவரும் எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆயினும் பெயர் மாற்றம் பாதி வழியே. ஏளனம் நெஞ்சில் இருக்குமானால் புதுச்சொல்லும் நாளை வசையாகும் என்பதை “மெண்டல்” என்னும் சொல்லின் கதையே காட்டுகிறது. ஏளனத்தின் வேர், “அவன் வேறு, நான் வேறு” என்னும் எண்ணம். பகவன் நோயை உடல்நோய், மனநோய் என இரண்டாக்கி, ஓராண்டு, பல்லாண்டு, ஏன், நூறாண்டுங்கூட உடல்நோயின்றி வாழ்வோர் உண்டு. ஆசவங்களை அறுத்தவரையன்றி, ஒரு கணமேனும் மனநோயின்றி இருப்போர் அரியர் என்றருளினார். மருத்துவர் கூறும் மனநோயும் இங்குக் கூறப்பட்ட ஆசை, வெகுளி, மயக்கமும் ஒன்றல்ல என்பது உண்மையே. எனினும், தன் மனம் முற்றும் நலமுடையதென்று மார்தட்டி, பிறனைச் சுட்டிச் சிரிக்கும் உரிமை நம்முள் எவருக்கும் இல்லை என்பது இதனால் பெறப்படுகின்றது.

நம் அறப்பெருங் காப்பியமாகிய மணிமேகலையிலும், புகார் நகரத் தெருவில் ஒரு பித்தன் திரிய, அவன் துயரைக் கண்டு நிற்கும் மக்களைச் சாத்தனார் காட்டுகின்றார். அன்று நின்று பார்த்தோர் வழியிலே நாம் இன்றும் நிற்கலாமா? செய்யத் தக்கவை சில உள. ஊர்ப்பெயரையும் நோய்ப்பெயரையும் வசையாக வழங்குதலை இன்றே விடுவோம். குழந்தைகள் வழங்கினால் அன்போடு திருத்துவோம். ஒருவனை அவன் நோயின் பெயரால் அழையாது, அவன் பெயராலேயே அழைப்போம். சொல்லுமுன், காலமறிந்ததா, மெய்யா, மென்மையா, பயனுள்ளதா, அன்பிற் பிறந்ததா என்று பகவன் காட்டிய ஐந்து உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். மருத்துவமனைக்குச் செல்ல அஞ்சுவோனோடு கூடச் செல்வோம். திருப்பதி ரூயா அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்கெனவே மருத்துவர் உளர். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்து, நம் மொழியிலேயே பேசலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுதலையும், மானத்தோடு நடத்தப்படுதலையும் உரிமையாக்கியிருக்கிறது, சங்கிலியிடுதலை விலக்கியிருக்கிறது. இவற்றை அறியாதவர்க்கு அறிவிப்பதும் தருமதானமே.

அவ்விளைஞனைப் பற்றிக் கூறி முடிப்போம். எட்டுத் திங்களுக்குப் பின் அவன் மிகவும் மெலிந்திருப்பதாகக் கேள்வியுற்று, அறைக்குச் சென்று கண்டோம். “தம்பி, அன்று நாமும் சிரித்தோம். அது பிழை. பொறுத்துக்கொள்” என்றோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “அவர்கள் சிரித்தது எனக்குப் பெரிதில்லை, ஐயா. நீங்களும் சிரித்தீர்களே என்றுதான்” என்று சொல்லி நிறுத்திக்கொண்டான். மறுநாள் இருவருமாக மருத்துவமனைக்குப் போனோம். அவன் இப்போது மருந்துண்டு வருகிறான்; உறக்கம் வருகிறது; சில நாள் நன்று, சில நாள் அவ்வளவு நன்றில்லை என்கிறான். கேலி செய்த தோழருள் ஒருவனே இப்போது அவனுக்காக ஷிப்டை மாற்றிக்கொண்டு துணை போகிறான். அந்த எட்டுத் திங்களை மட்டும் நம்மால் அவனுக்குத் திருப்பித் தர இயலவில்லை.

ஆதலின், அன்பர்களே, நாவைக் காப்போம். நலிந்தோர் நலம் பெறுக! அவர்களைத் தாங்குவோர் வலிமை பெறுக! சர்வ மங்களம் உண்டாகுக!